ஐடிஐ சான்றிதழும் 'ஸ்கில்' சான்றிதழும் ஒன்றா? இந்தியத் தொழிற்பயிற்சி முறை இயங்கும் விதம்

2025 மே மாதம் மத்திய அமைச்சரவை 1,000 அரசு ஐடிஐக்களை, அதாவது தொழிற்பயிற்சி நிலையங்களை, மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அக்டோபரில் அது 'பிஎம்-சேது' என்ற பெயரில் தொடங்கியது. செய்தியைப் படித்த பலருக்கும் அடிப்படையிலேயே குழப்பம். ஐடிஐ மாநில அரசுடையதா, மத்திய அரசுடையதா? 'ஸ்கில்' மையத்தில் மூன்று மாதம் படித்தவரும் 'தேசிய' சான்றிதழ் வைத்திருக்கிறார், ஐடிஐயில் இரண்டு வருடம் படித்தவரும் 'தேசிய' சான்றிதழ் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதானா? அப்ரண்டிஸ் என்பது வேலையா, படிப்பா?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பொதுவான விடை ஒன்று உண்டு. பயிற்சி கொடுப்பவர், தேர்வு வைப்பவர், சான்றிதழ் தருபவர், வேலை தருபவர் ஆகிய நால்வரும் இந்த முறையில் வெவ்வேறு ஆட்கள். யார் கையில் எது இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐடிஐ கல்வித் துறையில் ஏன் இல்லை?

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தர 1945இல் ஒரு மத்திய இயக்ககம் அமைக்கப்பட்டது. வேலைவாய்ப்பு அலுவலகமும் தொழிற்பயிற்சியும் அதன் கீழ் ஒன்றாகவே வளர்ந்தன. 1950இல் 'கைவினைஞர் பயிற்சித் திட்டம்' வந்தது. இன்றைக்கும் ஐடிஐயில் சேரும் ஒவ்வொருவரும் இந்தத் திட்டத்தின் கீழ்தான் சேருகிறார்.

அரசமைப்புச் சட்டமும் இதற்குத் தோதாகவே எழுதப்பட்டது. கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் 42ஆவது திருத்தத்தின்போதுதான் பொதுப்பட்டியலுக்குப் போனது. ஆனால் 'தொழிலாளர்களுக்கான தொழில், தொழில்நுட்பப் பயிற்சி' தொடக்கத்திலிருந்தே பொதுப்பட்டியலில் 25ஆவது பதிவாக இருந்தது. அதாவது இதைப் பள்ளிப் படிப்பின் ஒரு வகையாக அல்லாமல், தொழிலாளர் நலம் சார்ந்த விஷயமாகத்தான் பார்த்தார்கள். ஐடிஐ படித்தவர் மேற்படிப்புக்குப் போக இன்றும் படும் பாட்டுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1956இல் ஐடிஐக்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடத்திட்டம், தரம், சான்றிதழ் ஆகியவை மத்திய அரசிடமே நின்றன. அதே ஆண்டில்தான் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமமான என்சிவிடியும் உருவானது. 2014இல் திறன் மேம்பாட்டுக்கென்று தனி அமைச்சகம் வந்தபின், மத்தியில் பயிற்சிப் பிரிவு மட்டும் அங்கே மாறியது. வேலைவாய்ப்புப் பிரிவு தொழிலாளர் அமைச்சகத்திலேயே நின்றது. தமிழ்நாட்டில் இரண்டும் இன்னும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. துறையின் பெயரே 'வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை'.

ஒரு ஐடிஐக்குள் யார் யார் கை இருக்கிறது?

1. பாடத்திட்டத்தை வகுப்பது மத்திய பயிற்சித் தலைமை இயக்ககம். இதை டிஜிடி என்பார்கள். எந்தத் தொழிற்பிரிவுக்கு எத்தனை மாதம், எந்தெந்த எந்திரம், எத்தனை சதுர மீட்டர் பட்டறை என்பது வரை அதுவே சொல்கிறது.

2. நிலையத்தை நடத்துவது மாநில அரசு அல்லது தனியார். நாட்டில் ஏறத்தாழ 15,000 ஐடிஐக்கள் உள்ளன. எண்ணிக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தனியாருடையவை.

3. தேர்வு இரு கைகளில் பிரிகிறது. எழுத்துத் தேர்வு நாடு முழுக்கக் கணினி வழியில் நடக்கிறது. செய்முறைத் தேர்வைக் களத்தில் நடத்துவது மாநிலத்தின் வேலை.

4. தேறியவருக்குத் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கிறது. இதுதான் என்டிசி. பேச்சுவழக்கில் 'என்சிவிடி சர்டிபிகேட்' என்பதும் இதையே. மாநிலக் குழுமத்தின் அங்கீகாரம் மட்டும் உள்ள பிரிவில் படித்தவருக்குக் கிடைப்பது எஸ்சிவிடி, அதாவது மாநிலச் சான்றிதழ்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. அங்கீகாரம் நிலையம் முழுவதற்குமாக மொத்தமாகத் தரப்படுவதில்லை. தொழிற்பிரிவுவாரியாக, யூனிட்வாரியாகத் தரப்படுகிறது. யூனிட் என்பது சேர்ந்து பயிற்சி பெறும் சுமார் 20 பேர் கொண்ட குழு. ஒரே கட்டடத்தில் மின்பணியாளர் (எலக்ட்ரீஷியன்) பிரிவுக்குத் தேசிய அங்கீகாரம் இருக்கலாம், பக்கத்து அறையில் நடக்கும் பிரிவுக்கு இல்லாமல் போகலாம். 'எங்கள் ஐடிஐ அரசு அங்கீகாரம் பெற்றது' என்று பலகையில் எழுதியிருப்பதை நம்பிச் சேருகிறவர் கேட்க வேண்டியது, 'எந்தப் பிரிவுக்கு, எத்தனை இடத்துக்கு?' என்றுதான்.

தனியார் ஐடிஐக்கள் இவ்வளவு பெருகியதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2012 முதல் 2016 வரை, அங்கீகாரத்துக்கு முன்பான ஆய்வை இந்தியத் தரக் கவுன்சில் செய்தது. ஆயிரக்கணக்கில் புதிய நிலையங்கள் முளைத்தது அந்தக் காலத்தில்தான். ஆய்வு தளர்ந்துபோனதை நாடாளுமன்ற நிலைக்குழு 2018இல் கடுமையாகக் குறை கூறியது. அதற்கு முன்பே அந்தப் பொறுப்பு டிஜிடியிடம் திரும்பிவிட்டது. தனியார் நிலையங்களில் பெரும்பாலும் மின்பணியாளர், பொருத்துநர் (ஃபிட்டர்) என்ற இரண்டு பிரிவுகளே திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதற்குக் காரணம் எளிது: கேட்டு வருபவர் அதிகம், மற்ற சில பிரிவுகளைப் போல விலை உயர்ந்த எந்திரங்களும் அதிகம் வேண்டாம்.

ஒரு வருடத்தில் என்ன படிக்கிறார்கள்?

முதலில் பெயர்கள். அரசு அறிவிப்பில் பொருத்துநர் என்றால் ஃபிட்டர், கடைசலர் என்றால் டர்னர், பற்றவைப்பவர் என்றால் வெல்டர், கம்மியர் என்றால் மெக்கானிக், கம்பியாள் என்றால் வயர்மேன். அழகான சொற்கள்தான். ஆனால் விண்ணப்பிக்க வரும் பையனும் பொண்ணும் ஆங்கிலப் பெயரைத்தான் தேடுகிறார்கள், தமிழ்ப் பெயரைப் பார்த்துத் தங்களுக்கு வேண்டிய பிரிவு இல்லையென்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

பொருத்துநர், மின்பணியாளர், கடைசலர் எல்லாம் இரண்டு வருடம்; பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். பற்றவைப்பவர் ஒரு வருடம். கம்பியாள் இரண்டு வருடம். இந்த இரண்டுக்கும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்.

2022இல் திருத்திய பாடத்திட்டப்படி ஒரு வருடத்துக்கு 1,200 மணி நேரம். அதில் செய்முறை 840, தொழில் அறிவு 240, வேலைவாய்ப்புத் திறன் 120. இதற்கு மேல் 150 மணி நேரம் நேரடிப் பணியிடப் பயிற்சி அல்லது குழுவாகச் செய்யும் ஒரு வேலை. ஆக, பத்தில் ஏழு பங்கு நேரம் பட்டறையிலேயே கழிய வேண்டும்.

தேர்ச்சி விதியும் அதே கணக்கில்தான் இருக்கிறது. செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 60 சதவீதம் வேண்டும். மற்றவற்றுக்கு 33 போதும். கருணை மதிப்பெண் கிடையாது. பள்ளித் தேர்வுக்குப் பழகியவருக்கு இது தலைகீழாகத் தெரியலாம். அரத்தைப் பிடித்து இரும்பைச் சமமாகத் தேய்க்கத் தெரியாதவர், எழுத்தில் நூறு வாங்கினாலும் பொருத்துநர் ஆக முடியாது. பலவீனம் என்னவென்றால், மத்தியக் கணினித் தேர்வில் முறைகேடு செய்வது கடினம். மிக முக்கியமான செய்முறைத் தேர்வோ, எந்திரமும் மேற்பார்வையும் எப்படியிருக்கிறதோ அந்தத் தரத்தில்தான் நடக்கும்.

தமிழ்நாட்டு அரசு ஐடிஐக்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சைக்கிள், சீருடை, காலணி, பேருந்துச் சலுகை போன்றவையும் தருகிறார்கள். தனியாரில் கட்டணம் உண்டு.

அப்ரண்டிஸ்: வேலையும் இல்லை, வகுப்பும் இல்லை

ஐடிஐ முடித்ததும் ஆலையில் பெறும் பயிற்சிதான் தொழிற்பழகுநர் பயிற்சி. இதற்கென்றே 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. இந்த முறையிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான், அதனால் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

சட்டத்தின் 18ஆவது பிரிவு, தொழிற்பழகுநர் ஒரு பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்று சொல்கிறது. ஆகவே அவர் வாங்குவது சம்பளம் கிடையாது, உதவித்தொகை. பிஎஃப், போனஸ் என்ற பேச்சு எழாது. ஆனால் ஆலைப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய விதிகள் அவருக்கும் பொருந்தும். வேலையில் காயம்பட்டால் இழப்பீடும் உண்டு. ஒப்பந்தம் எழுதி, அரசின் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் 'அப்ரண்டிஸ்' என்று கூப்பிட்டு வேலை வாங்கினால், அது இந்தச் சட்டத்தின் கீழ் வரும் பயிற்சியே இல்லை; கடைசியில் சான்றிதழும் வராது.

நிறுவனங்களுக்கு இருக்கும் கடமை இது. 2019இல் திருத்திய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், தன் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை எடுத்தாக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தி. குறைந்தபட்ச உதவித்தொகையை அதே விதிகள் கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று வைத்தன. 2016இல் வந்த தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாயை, மத்திய அரசு ஏற்கிறது.

எடுக்காத நிறுவனத்துக்கு என்ன ஆகும்? 2014க்கு முன் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருந்தது. அந்த ஆண்டுத் திருத்தம் அதை நீக்கி அபராதமாக்கியது: ஓர் ஆள் குறைந்தால், முதல் மூன்று மாதத்துக்கு மாதம் 500 ரூபாய், அப்புறம் மாதம் 1,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரை எடுத்து மாதம் 7,000 ரூபாய் தருவதைவிட எடுக்காமல் அபராதம் கட்டுவது மலிவு. தண்டனைக்குப் பயந்து எவரும் தொழிற்பழகுநரை எடுப்பதில்லை. எடுப்பவர்கள், பயிற்சியால் பலன் உண்டு என்று நம்புவதாலோ, குறைந்த செலவில் ஆள் கிடைக்கிறார் என்பதாலோ எடுக்கிறார்கள். இந்த இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கும் வழி சட்டத்தில் வலுவாக இல்லை.

இன்னொரு பிரிவினையும் தெரிந்திருப்பது நல்லது. அரசு பட்டியலிட்ட 'குறிக்கப்பட்ட' தொழிற்பிரிவுகள் ஒரு வகை. 2014 திருத்தத்துக்குப் பின் நிறுவனமே பாடத்தை வகுத்துக்கொள்ளும் 'விருப்பப்' பிரிவுகள் இன்னொரு வகை. முதல் வகையில் பயிற்சி முடித்து, அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதித் தேறினால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ், அதாவது என்ஏசி, கிடைக்கிறது.

பயிற்சி முடிந்ததும் அதே ஆலையில் வேலை உறுதியா? இல்லை. தொழிற்பழகுநரைப் பணியமர்த்துவது குறித்து நிறுவனம் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. 1995இல் உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றது. 'சமமாக இருந்தால்' என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்.

ஜெர்மனியின் 'இரட்டை முறை' அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவதும் இந்த இடத்தில்தான். அங்கே மாணவர் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். அதன்பின் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குப் போகிறார். தேர்வை நடத்துவது தொழில் வணிகச் சபைகள். இங்கே பள்ளி முதலில், ஆலை கடைசியில். 2016இல் டிஜிடி கொண்டுவந்த இரட்டைப் பயிற்சி முறை இதைக் கொஞ்சம் மாற்றப் பார்க்கிறது: ஐடிஐயும் ஓர் ஆலையும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டு, பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியை ஆலையிலேயே நடத்தும். பக்கத்தில் ஆலையே இல்லாத வட்டாரத்தில் இருக்கும் ஐடிஐ என்ன செய்யும் என்பதற்கு ஜெர்மன் பாடத்தில் விடை இல்லை.

மூன்று மாதச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது?

2008இல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் உருவானது. அரசுக்கு 49, தனியாருக்கு 51 சதவீதப் பங்கு. அதன் வழியே வாகனம், கட்டுமானம், அழகுக்கலை, சில்லறை வணிகம் என்று துறைக்கொரு திறன் கவுன்சில் வந்தது. இந்தக் கவுன்சில்கள் ஒவ்வொரு வேலைக்கும் 'இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்' என்று தரநிலை எழுதின. 2015இல் தொடங்கிய பிரதமர் கௌஷல் விகாஸ் யோஜனா அந்தத் தரநிலைகளை வைத்துக் குறுகிய காலப் பயிற்சி தருகிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்து, சிறிது வழிகாட்டிச் சான்றிதழ் கொடுக்கும் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற பிரிவும் அதில் உண்டு. இருபது வருடம் சென்ட்ரிங் வேலை செய்தவர் கையிலும் அப்படித்தான் ஒரு சான்றிதழ் வந்து சேர்கிறது.

ஐடிஐக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கால அளவில் மட்டும் இல்லை. பணம் வரும் வழியே வேறு. ஐடிஐ ஆண்டுக்கணக்கில் நடக்கும் ஒரு நிலையம். குறுகிய காலப் பயிற்சியிலோ, மையத்துக்குத் தலைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் தவணையாகப் பணம் வரும். ஆள் சேர்ந்தாலும் பணம், தேறினாலும் பணம் என்றால், எல்லாரும் தேறிவிடுவதில் எல்லாருக்கும் லாபம். வேலை கிடைத்ததைக் காட்டினால்தான் கடைசித் தவணை என்று விதி வைத்தது இதைத் தடுக்கத்தான். தரநிலை எழுதும் கவுன்சிலே மதிப்பீட்டையும் சான்றிதழையும் கையில் வைத்திருப்பது சரியில்லை என்ற விமர்சனத்தை, இந்தக் கவுன்சில்களை ஆராய 2016இல் அமைத்த சாரதா பிரசாத் குழுவும் முன்வைத்தது.

அதன்பின் 2018 டிசம்பரில் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம், என்சிவெட், அறிவிக்கப்பட்டு 2020இல் இயங்கத் தொடங்கியது. பழைய என்சிவிடி இதற்குள் கரைந்துவிட்டது. இப்போது சான்றளிக்கும் அமைப்பு எது, மதிப்பிடும் நிறுவனம் எது என்று தனித்தனியே அங்கீகரிப்பது என்சிவெட். டிஜிடியும் அதன் கீழ் சான்றளிக்கும் ஓர் அமைப்பு. துறைத் திறன் கவுன்சில்களும் அப்படியே. இரண்டு வகைச் சான்றிதழும் ஒரே மாதிரித் 'தேசிய' முத்திரையோடு வருவதற்குக் காரணம் இதுதான்.

ஏணியில் எந்தப் படி?

படிப்புகளை ஒப்பிட 2013இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. முதலில் பத்து நிலை. 2023 திருத்தத்தில் எட்டாயிற்று. அதே ஆண்டு வந்த கிரெடிட் கட்டமைப்பு, 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட் என்கிறது. ஐடிஐயின் 1,200 மணி நேரத்தை 30ஆல் வகுத்தால் 40. ஒரு முழு ஆண்டுப் பள்ளி, கல்லூரிப் படிப்புக்கும் அதே 40.

இரண்டு வருடப் பொருத்துநர் பயிற்சி நான்காம் நிலை. பன்னிரண்டாம் வகுப்பும் நான்காம் நிலை. சரி, அப்படியானால் ஐடிஐ முடித்தவர் நேராகக் கல்லூரியில் சேரலாமா? அது முடியாது. நிலை சமம் என்றால் சேர்க்கை விதியும் சமம் என்று பொருளில்லை. தமிழ்நாட்டில் மொழிப் பாடங்களைத் தனியே எழுதித் தேறினால் பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதி பெற வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பும் இரண்டு வருட ஐடிஐயும் முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். நடைமுறையில் அதிகம் பயன்படும் ஏணி இதுதான்.

சான்றிதழின் மதிப்பை எங்கே பார்ப்பது?

ஆள் எடுக்கும் விதியில் பார்க்க வேண்டும். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்குப் பத்தாம் வகுப்போடு உரிய பிரிவில் ஐடிஐ என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். ரயில்வேயின் கடைநிலைப் பணிகளான 'லெவல் 1' பணிகளில் 20 சதவீத இடம், ரயில்வேயிலேயே தொழிற்பழகுநர் பயிற்சி முடித்து என்ஏசி பெற்றவர்களுக்கு. மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், பொதுத்துறை ஆலைகள் கேட்பதும் பெரும்பாலும் என்டிசி, என்ஏசிதான். மூன்று மாதச் சான்றிதழ் அரசு வேலை அறிவிப்பில் கல்வித் தகுதியாக வருவது அரிது. தனியார் கடையிலும் நிறுவனத்திலும் முதல் வேலைக்கு அது உதவலாம். அங்கேயும் சம்பளத்தைத் தீர்மானிப்பது கை வேலைதான். ஆக, கட்டமைப்பு காகிதத்தில் சமம் என்று காட்டும் இரண்டு சான்றிதழ்கள் வேலை அறிவிப்பில் சமமில்லை.

60,000 கோடி எதை மாற்றும்?

இந்தத் தொகையில் மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில்துறை 10,000 கோடி என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். 200 ஐடிஐக்கள் மையமாகவும் 800 அவற்றோடு இணைந்த கிளைகளாகவும் இயங்கும். விலை உயர்ந்த எந்திரம் மையத்தில் இருக்கும். கிளைகளின் மாணவர்கள் அங்கே வந்து பழகுவார்கள். நிர்வாகத்தில் தொழில்துறைக்கு முதன்மை இடம் உண்டு.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்னனுபவம் இருக்கிறது. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களைத் 'தொழில் 4.0' மையங்களாக்க 2022இலேயே ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 2,877 கோடி ரூபாய். ரோபோ, கணினி இயக்கும் சிஎன்சி எந்திரம் என்று பட்டறையின் தோற்றம் மாறியது.

எந்திரத்துக்கு அடுத்த கேள்வி பயிற்றுநர். ஒரு யூனிட்டில் சுமார் 20 பேர். அவர்கள் வருடத்துக்கு 840 மணி நேரம் ஒருவரைப் பார்த்துத்தான் தொழில் பழகுகிறார்கள். பயிற்றுநர் ஆகத் தனியாக ஒரு வருடப் பயிற்சி உண்டு. சென்னை கிண்டியில் அதற்கான தேசிய நிலையம் இருக்கிறது. புதிய திட்டத்தில் சென்னை, புவனேஸ்வர், ஹைதராபாத், கான்பூர், லூதியானா ஆகிய ஐந்து தேசிய நிலையங்களை உயர்தர மையங்களாக்கி, 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தரப்போகிறார்கள். ஆனால் அரசு ஐடிஐயில் காலியாகக் கிடக்கும் பயிற்றுநர் பணியிடத்தை நிரப்புவது 1956இலிருந்தே மாநிலத்தின் வேலை. அதற்கான சம்பளமும் மாநில நிதிநிலை அறிக்கையிலிருந்துதான் வர வேண்டும்.